சிறுநீரகக் கல் சிகிச்சைகள்: முதல் ரசீதை ஒப்பிடுவதா, கல் நீங்கும் நாள்வரையான செலவை ஒப்பிடுவதா?

பதிவு 1 – காத்திருப்பவன்

அனைவருக்கும் வணக்கம். என் இடது சிறுநீரகத்தின் கீழ்ப்புறக் கிண்ணத்தில் (சிறுநீர் வந்து சேரும் குழிவில்) 13 மி.மீ. அளவில் ஒரு கல் இருப்பதாகச் சென்ற வாரம் எடுத்த சி.டி. ஸ்கேன் சொல்கிறது. இப்போதைக்கு வலி இல்லை. ஆனால் இரண்டு மாதங்களுக்கு முன் ஓர் இரவு முழுவதும் துடித்துப் போனேன். அப்படி இன்னோர் இரவு வரும்வரை சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை.

உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திக் கல்லை உடைக்கலாம் என்கிறார் ஒரு மருத்துவர். வளையும் உள்நோக்கியைச் சிறுநீர்வழியாகச் சிறுநீரகம்வரை கொண்டுசென்று லேசரால் பொடியாக்குவதே நல்லது என்கிறார் இன்னொருவர். இருவருடைய மதிப்பீட்டுத் தாள்களும் என் மேசையில் அருகருகே கிடக்கின்றன. முதல் தாளில் மூன்றே வரிகள். இரண்டாவதில் மயக்க மருந்து, அறை வாடகை, லேசர் இழை, வழிகாட்டிக் கம்பி, ஸ்டென்ட் (சிறுநீர்ப் பாதை அடைபடாமல் இருக்க உள்ளே வைக்கும் மென்குழாய்), ஸ்டென்டை எடுப்பதற்கான தனிக் கட்டணம் என்று பதினான்கு வரிகள். அதன் மொத்தத் தொகை முதலாவதைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு.

குறைந்த தொகையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அதையே இரண்டு முறை, மூன்று முறை கட்ட வேண்டிவருமோ என்பதுதான் என் அச்சம். இவற்றைக் கடந்து வந்தவர்களும் மருத்துவத் துறையில் இருப்பவர்களும் மனம்விட்டுச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதிவு 2 – மூன்றாம் அமர்வு

நண்பரே, உங்கள் அச்சம் வீணானதல்ல. எனக்கு 12 மி.மீ. கல், அதுவும் கீழ்ப்புறக் கிண்ணத்தில்தான் இருந்தது. செலவு குறைவு, கத்தி இல்லை, அன்றே வீடு திரும்பலாம் என்ற மூன்று காரணங்களுக்காக அதிர்வலைச் சிகிச்சையை ஏற்றேன். படுக்கையில் கிடக்கும்போது விலாவுக்குக் கீழே யாரோ ரப்பர் வளையத்தை இழுத்து இழுத்து விடுவதுபோல ஒரு சுண்டல், ஒவ்வொன்றுடனும் ஒரு சொடுக்கொலி. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக அது நீடித்தது. மறுநாள் சிறுநீரை வடிகட்டியில் பிடித்தபோது பழுப்பு நிறத்தில் பருமணல் போன்ற துகள்கள் விழுந்ததைக் கண்டு, வேலை முடிந்தது என்றே மகிழ்ந்தேன்.

முடியவில்லை. நான்கு வாரம் கழித்து எடுத்த படத்தில் கல்லின் பாதி அங்கேயே இருந்தது. இரண்டாம் அமர்வு, பிறகு மூன்றாம் அமர்வு. மூன்றாவதற்குப் பின் உடைந்த துண்டுகள் சிறுநீர்க்குழாயின் அடிப்பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அடைத்துக்கொண்டன. காய்ச்சலோடு அவசரமாகச் சேர்ந்து, முதலில் ஸ்டென்ட் வைத்து, பத்து நாள் கழித்து உள்நோக்கி வழியாகத் துண்டுகளை எடுக்க வேண்டியதாயிற்று. எல்லா ரசீதுகளையும் கூட்டிப் பார்த்தபோது, தொடக்கத்திலேயே லேசர் சிகிச்சைக்குச் சென்றிருந்தால் ஆகியிருக்கக்கூடிய தொகையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் செலவழித்திருந்தேன். வேலைக்குப் போகாத இருபத்திரண்டு நாள்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பதிவு 3 – வரவுசெலவு

மேலே எழுதிய நண்பர் பட்ட வேதனையைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. ஆயினும் ஒருவரின் அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதிர்வலைச் சிகிச்சையே வீண் என்று முடிவுகட்டுவது சரியன்று.

பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் நடந்த டிசு என்ற ஆய்வில், சிறுநீர்க்குழாயில் கல் சிக்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரை முதலில் அதிர்வலைக்கும் மற்றப் பிரிவினரை முதலில் உள்நோக்கிச் சிகிச்சைக்கும் அனுப்பினார்கள். ஆறு மாதத்துக்குள் மேலும் ஒரு சிகிச்சை தேவைப்பட்டவர்கள் அதிர்வலைப் பிரிவில் சுமார் 22 விழுக்காடு, உள்நோக்கிப் பிரிவில் சுமார் 10 விழுக்காடு. அதாவது மறுசிகிச்சை இரு மடங்குக்கு மேல். அப்படியிருந்தும், அந்த மறுசிகிச்சைச் செலவையெல்லாம் சேர்த்துப் பார்த்த பிறகும், அதிர்வலையில் தொடங்கியவர்களுக்கான சராசரிச் செலவே குறைவாக இருந்தது. நூறு பேரில் எழுபத்தெட்டுப் பேர் மயக்க மருந்தும் ஸ்டென்டும் இல்லாமல் தப்பிவிடுகிறார்கள் என்பதை அந்த இருபத்திரண்டு பேரின் துன்பம் மறைத்துவிடக் கூடாது.

பதிவு 4 – கல்லும் கிண்ணமும்

நான் சிறுநீரியல் மருத்துவர். மேலே எழுதிய இருவரும் சொல்வது உண்மைதான். ஆனால் அவர்கள் பேசுவது வெவ்வேறு கற்களைப் பற்றி. டிசு ஆய்வு சிறுநீர்க்குழாயில் இருந்த கற்களுக்கானது. இந்த உரையாடலைத் தொடங்கியவரின் கல்லோ சிறுநீரகத்தின் கீழ்ப்புறக் கிண்ணத்தில் இருக்கிறது. இந்த ஒரு வேறுபாடு முழுக் கணக்கையும் மாற்றிவிடும்.

அதிர்வலை கல்லை உடைக்கும், வெளியேற்றாது. வெளியேற்ற வேண்டியது சிறுநீரின் ஓட்டம்தான். மேல், நடுக் கிண்ணங்களில் உள்ள துகள்கள் தாமாகவே கீழிறங்கிவிடும். கீழ்ப்புறக் கிண்ணத்தில் இருப்பவை மேலேறி வந்தால்தான் வெளியேற முடியும். அக்கிண்ணத்தின் கழுத்து நீண்டோ குறுகியோ கூர்மையாக மடங்கியோ இருந்தால், கல் நன்றாகவே உடைந்திருந்தாலும் துகள் அங்கேயே தங்கி மீண்டும் கல்லாகத் திரளும். 2001இல் வெளியான கீழ்ப்புறக் கிண்ண ஆய்வில், அதிர்வலை பெற்றவர்களில் மூன்று மாதத்தில் கல் முழுதும் நீங்கியவர்கள் 37 விழுக்காட்டினர்; முதுகுப்புறத் துளை வழியாகக் கல்லை எடுத்துக்கொண்டவர்களில் 95 விழுக்காட்டினர். கல் 10 மி.மீ.க்கு மேற்பட்டிருந்தபோது அதிர்வலையின் வெற்றி நான்கில் ஒருவருக்கும் கீழே சென்றது. மூன்றாம் அமர்வு நண்பருக்கு நேர்ந்தது கெட்ட நேரம் அன்று. அந்த இடத்துக்கும் அந்த அளவுக்கும் எதிர்பார்க்கக்கூடியதே.

இடமும் அளவும் போக, ஸ்கேன் அறிக்கையில் இன்னும் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று, கல்லின் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு. அது 1000க்கு மேல் போனால் கல் உடைய மறுக்கும் வாய்ப்பு கூடுகிறது. மற்றது, தோலிலிருந்து கல்வரையான தூரம். அது 10 செ.மீ.க்கு மேற்பட்டால் அலை கல்லைச் சேருமுன்னே வலுவிழந்துவிடும். இரண்டும் அறிக்கையில் எழுதப்படாமல் இருக்கலாம். ஆனால் படத்தில் அளந்து சொல்ல ஒரு நிமிடம் போதும். தயங்காமல் கேளுங்கள்.

1980இல் மியூனிக்கில் கிறிஸ்டியன் சௌசி முதல் நோயாளிக்கு அதிர்வலைச் சிகிச்சை அளித்தபோது, பெரிய நீர்த்தொட்டியில் நோயாளியை அமர்த்தித்தான் அதைச் செய்தார்கள். அதற்கு முன் இதே கல்லுக்கு விலாவின்கீழ் நீளமாக வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. அந்தக் கருவி எத்தனையோ பேரை அந்தக் கத்தியிலிருந்து காப்பாற்றியது. இன்றும் சரியான கல்லுக்கு அதுவே எளிய வழி. கர்ப்பிணிகளுக்கும், இரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்களுக்கும், அடங்காத சிறுநீர்த் தொற்று உள்ளவர்களுக்கும், கல்லுக்குக் கீழே பாதை அடைபட்டிருப்பவர்களுக்கும் அதைச் செய்யக் கூடாது.

பதிவு 5 – அரங்கச் செவிலி

நான் பதினொரு ஆண்டுகளாகச் சிறுநீரியல் அறுவை அரங்கில் பணிபுரிகிறேன். செலவைப் பேசும்போது ஸ்டென்டை மறந்துவிடுகிறார்கள் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

லேசர் சிகிச்சைக்குப் பின் பெரும்பாலானோருக்குச் சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே இரு முனையும் சுருண்ட மென்குழாய் ஒன்றை வைத்து அனுப்புகிறோம். வீக்கத்தால் பாதை அடைபடாமல் இருக்க அது தேவை. ஆனால் அதை வைத்திருக்கும் நாள்கள் எளிதாகக் கழிவதில்லை. அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும். கழித்து முடிக்கும் கணத்தில் முதுகுவரை இழுக்கும். சற்று வேகமாக நடந்தால் சிறுநீர் சிவக்கும். மறுநாளே அலுவலகம் செல்லலாம் என்ற நம்பிக்கையில் வந்து, ஒரு வாரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடியாமல் தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த விடுப்பும் செலவுதான்.

அதை எடுப்பதற்கு மீண்டும் ஒரு நாள், மீண்டும் ஓர் உள்நோக்கி, மீண்டும் ஒரு ரசீது. சிக்கலில்லாத சிகிச்சையாக இருந்தால் ஸ்டென்டின் முனையில் நூல் விட்டு வைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். அப்படி வைத்தால் சில நாளில் உள்நோக்கியே இல்லாமல் இழுத்து எடுத்துவிடலாம். எடுக்க வேண்டிய தேதியைக் கையில் எழுதி வாங்காமல் மட்டும் வீடு திரும்பாதீர்கள். வலி அடங்கியதும் ஸ்டென்டையே மறந்துவிட்டு ஓராண்டு கழித்து வந்த ஒருவரின் குழாயின் இரு முனைகளிலும் நெல்லிக்காய் அளவில் கல் படிந்திருந்தது. ஒரு கல்லுக்காக வந்தவருக்கு அந்தக் குழாயை எடுக்கவே இரண்டு அறுவைகள் ஆயின.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கல் அடைத்திருக்கும்போது குளிரும் காய்ச்சலும் வந்தால், விலையை ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் தேங்கினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும். முதலில் ஸ்டென்ட் வைத்தோ முதுகுப்புறமாகக் குழாய் இட்டோ தேங்கியதை வடிப்பார்கள். கல்லைத் தொற்று தணிந்த பிறகுதான் தொடுவார்கள்.

பதிவு 6 – காத்திருப்பவன்

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நெஞ்சார்ந்த நன்றி. மருத்துவர் ஐயாவிடம் மேலும் ஒரு கேள்வி. இரண்டாம் மருத்துவமனையில் '90 விழுக்காட்டினருக்குக் கல் முழுதும் நீங்கிவிடும்' என்றார்கள். முழுதும் நீங்குவது என்றால் உண்மையில் எதைச் சொல்கிறார்கள்? முதுகுப்புறத் துளைக்கு 95 விழுக்காடு என்றால், அதையே ஏன் எனக்கு யாரும் பரிந்துரைக்கவில்லை?

பதிவு 7 – கல்லும் கிண்ணமும்

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். 'முழுதும் நீங்கியது' என்பதை எதைக் கொண்டு பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். சாதாரண எக்ஸ்ரேயிலும் அல்ட்ராசவுண்டிலும் சிறு துகள்கள் தப்பிவிடும், சி.டி.யில் 2 மி.மீ. துகள்கூடத் தென்படும். சிலர் 4 மி.மீ. வரையான எச்சத்தைப் பொருட்படுத்தாமல் வெற்றி என்றே கணக்கில் சேர்ப்பார்கள். 10 மி.மீ.க்குட்பட்ட கீழ்ப்புறக் கிண்ணக் கற்களை வைத்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில் சி.டி.யால் கண்டிப்பாகப் பார்த்தபோது, கல் முழுதும் நீங்கியவர்கள் அதிர்வலையில் 35 விழுக்காடு, உள்நோக்கியில் 50 விழுக்காடு மட்டுமே. அந்த இடைவெளிகூட உறுதியான வேறுபாடு என்று சொல்லத்தக்கதாக இல்லை. கருவிகள் அதற்குப் பிறகு மிகவும் தேறிவிட்டன என்பது உண்மை. ஆனாலும் யாராவது 90 என்று சொன்னால், 'எந்தப் படத்தில், எத்தனை வாரம் கழித்து, எத்தனை மி.மீ. வரை விட்டுவிட்டு?' என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.

சிறு எச்சம்தானே என்று விடுவதும் எப்போதும் சிக்கனமாக இருப்பதில்லை. பெரிய கல்லை எடுக்கும்போது வேறிடத்தில் இருந்த, தொந்தரவு தராத சிறு கற்களையும் சேர்த்து எடுத்தவர்களையும் அப்படியே விட்டவர்களையும் 2022இல் வெளியான ஓர் ஆய்வு ஒப்பிட்டது. சராசரியாக நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல் கவனித்ததில், மீண்டும் கல் தொந்தரவு வந்தவர்கள் எடுத்தவர்களில் 16 விழுக்காடு, விட்டவர்களில் 63 விழுக்காடு. அறுவைக்குக் கூடுதலாகப் பிடித்த நேரமோ சுமார் 25 நிமிடம்.

முதுகுப்புறத் துளை பற்றிக் கேட்டீர்கள். 20 மி.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்கு அதுவே முதல் தேர்வு. அங்கே சிக்கனம் பார்த்து வேறு வழியில் தொடங்கினால் அமர்வுகள் கூடிக்கொண்டே போகும். ஆனால் அது சிறுநீரகத்தின் சதையைத் துளைத்துச் செல்லும் வழி. பல நாடுகளின் 96 மையங்களில் 5,800க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2011இல் வெளியிட்ட தொகுப்பில், இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தவர்கள் 5.7 விழுக்காடு, காய்ச்சல் கண்டவர்கள் 10.5 விழுக்காடு. கவனியுங்கள், கல் நீங்கிய விகிதமும் அங்கே 95 அன்று, 75.7தான். ஏனென்றால் அன்றாட நடைமுறையில் கிளைகிளையாகப் படர்ந்த கடினமான கற்களும் வரும். இப்போது துளையைச் சிறிதாக்கிச் செய்யும் முறையில் இரத்தப்போக்கு குறைந்திருக்கிறது. உங்கள் 13 மி.மீ. கல்லுக்கு உள்நோக்கியும் சிறுதுளையும் இரண்டுமே நியாயமான தேர்வுகள். அந்த மருத்துவர் எதை அதிகமாகச் செய்கிறார் என்பதையும் பாருங்கள்.

பதிவு 8 – ஐந்து மில்லிமீட்டர்

இந்த உரையாடலை வாசிப்பவர்களில் சிறு கல் உள்ளவர்கள் அஞ்சி உடனே அறுவைக்கு ஓடிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். சிறுநீர்க்குழாயில் 5 மி.மீ. வரையான கற்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு தாமாகவே வெளியேறிவிடும். காய்ச்சல் இல்லாமல், வலி மருந்துக்கு அடங்கி, சிறுநீரகச் செயல்பாடும் சரியாக இருந்தால், நான்கு முதல் ஆறு வாரம் கண்காணிப்பில் காத்திருப்பதே எல்லாவற்றிலும் மலிவான சிகிச்சை. என் கல் பத்தொன்பதாம் நாள் விழுந்தது. வடிகட்டியில் கிடந்த அந்த மிளகளவுப் பொருளா என்னை இப்படி உருட்டியது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லைத் தள்ள உதவும் என்று டாம்சுலோசின் மாத்திரை தருவார்கள். 2015இல் வெளியான சஸ்பெண்டு என்ற பெரிய ஆய்வில், அதை எடுத்தவர்களிலும் வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் நான்கு வாரத்தில் வேறு சிகிச்சை தேவைப்படாதவர்கள் ஏறக்குறைய ஒரே அளவாக, 80 விழுக்காடாகவே இருந்தார்கள். குழாயின் அடிப்பகுதியில் 5 மி.மீ.க்கு மேற்பட்டிருக்கும் கல்லுக்கு அது பயன்படுகிறது என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. அதை மருத்துவர் முடிவுக்கே விட்டுவிடலாம்.

பதிவு 9 – வரவுசெலவு

மருத்துவர் சொன்ன கீழ்ப்புறக் கிண்ணத்தின் வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன். உரையாடலைத் தொடங்கியவருக்கு டிசு ஆய்வை அப்படியே பொருத்தியது என் பிழை.

இன்னொரு செலவு எந்த மதிப்பீட்டுத் தாளிலும் இருப்பதில்லை. ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பத்தாண்டுக்குள் மீண்டும் வருகிறது. 1996இல் வெளியான ஆய்வில், இத்தாலியில் போர்கி குழுவினர் முதல் கல் கண்ட 199 பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். நாளொன்றுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் கழியும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களில் 12 விழுக்காட்டினருக்கும், குடிக்கும் அளவை மாற்றாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் கல் திரும்ப வந்தது. பாதிக்கும் மேலான குறைவு, வெறும் தண்ணீரால். கால்சியம் கல் என்றதும் பாலைக் கைவிடுகிறவர்கள் அதே குழுவின் 2002ஆம் ஆண்டு ஆய்வையும் அறிய வேண்டும்: கால்சியத்தைக் குறைத்தவர்களில் 38 விழுக்காட்டினருக்குக் கல் திரும்பியது, கால்சியத்தை வழக்கம்போல் வைத்துக்கொண்டு உப்பையும் இறைச்சிப் புரதத்தையும் குறைத்தவர்களில் 20 விழுக்காட்டினருக்கே திரும்பியது.

பதிவு 10 – கல்லும் கிண்ணமும்

அதோடு, எடுத்த கல்லைக் குப்பையில் போடாமல் பகுப்பாய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அது யூரிக் அமிலக் கல்லாக இருந்தால், அடுத்த முறை அறுவையே தேவைப்படாமல் போகலாம். பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் காரத்தன்மையைக் கூட்டினால் கரைந்துவிடக்கூடிய ஒரே பொதுவான கல் அதுதான். மொத்தச் செலவில் மிகச் சிறிய வரி இந்தப் பகுப்பாய்வு. வருங்காலத்தின் மிகப் பெரிய வரியை அழிக்கக்கூடியதும் அதுவே.

பதிவு 11 – காத்திருப்பவன் (ஒன்பது வாரங்களுக்குப் பிறகு)

உதவிய அனைவருக்கும் முடிவைத் தெரிவிப்பது கடமை என்பதால் எழுதுகிறேன். படத்தில் அளந்து பார்க்கச் சொன்னேன். அடர்த்தி 1,180 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு. தோலிலிருந்து தூரம் 11 செ.மீ. முதல் மருத்துவரிடமே அந்த எண்களைக் காட்டியபோது, 'அப்படியானால் அதிர்வலை உங்களுக்கு வேண்டாம்' என்று அவரே சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்கு நான் அவருக்கு என்றும் கடன்பட்டவன்.

லேசர் சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போது மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன்: இரண்டாம் அமர்வு தேவைப்பட்டால் அதன் கட்டணம் என்ன, ஸ்டென்டை நூலோடு வைக்க முடியுமா, ஆறாம் வாரத்தில் சி.டி. எடுத்துப் பார்ப்பீர்களா. இரண்டாம் அமர்வில் லேசர் இழைக்குத் தனியாக வாங்கமாட்டோம் என்பதை மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதிக் கொடுத்தார்கள். சிகிச்சைக்கு முன் செய்த சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று தெரிந்ததால், மருந்து எடுத்து ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. செவிலி அம்மா எழுதியதைப் படித்திருந்ததால் அந்த ஒரு வாரம் எனக்கு எரிச்சலூட்டவில்லை. ஆறாம் நாள் நூலைப் பிடித்து ஸ்டென்டை இழுத்தார்கள். மூச்சை ஒருமுறை இழுத்து விடுவதற்குள் வெளியே வந்துவிட்டது. பதினான்கு வரிகளில் ஸ்டென்ட் எடுக்கும் கட்டணம் என்ற வரியை அடித்துவிட்டார்கள்.

எட்டு நாள் விடுப்பு. ஆறாம் வாரச் சி.டி.யில் கிண்ணத்தின் அடியில் 2 மி.மீ. துகள் ஒன்று மட்டும் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். கல் கால்சியம் ஆக்சலேட் வகை. கரையாது. தண்ணீர் குடிப்பதோடு, ஒரு நாள் முழுவதும் கழியும் சிறுநீரைப் பிடித்து அளக்கச் சொன்னார்கள். முதல் நாள் அளந்தபோது 1,150 மி.லி.; நேற்று 2,300 மி.லி.